எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் இரைப்பைக் கிருமியை ஏன் தேடுகிறோம்?

“எடையைக் குறைக்கத்தானே வந்தேன், வயிற்றில் வலியே இல்லை. எனக்கு எதற்கு எண்டோஸ்கோபி?” திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வரும் நோயாளிகள் பலர் இவ்வாறு வினவுகின்றனர். நியாயமான வினாதான்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இரைப்பையின் உட்சுவரில் உள்ள சளிப் படலத்தில் வாழும் பாக்டீரியா ஆகும். பெரும்பாலும் சிறுவயதிலேயே குடும்பத்தினரிடமிருந்தோ, தூய்மையற்ற நீர், உணவு வழியாகவோ தொற்றுகிறது. பலருக்கு அறிகுறியே தோன்றாது. சிலருக்கு இரைப்பைப் புண்ணும், மிகச் சிலருக்குப் புற்றுநோயும் ஏற்படலாம். புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை மாற்றிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர்.

முன்கூட்டியே ஏன்?

பைபாஸ் அறுவையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. எஞ்சிய பெரும்பகுதி வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ஆனால் வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாய் அதனை எட்டாது. பின்னாளில் அங்கே புண்ணோ கட்டியோ தோன்றினால் கண்டறிவது கடினம். எனவே, பார்க்க இயலும்போதே பார்த்துவிடுகிறோம். புதிய இணைப்பில் புண் வராதிருக்கப் புகைபிடிப்பதை நிறுத்துவதும், வலிநிவாரணி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணாதிருப்பதும் இன்றியமையாதவை.

சிகிச்சை

ஆன்டிபயாடிக் மருந்துகளும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் பொதுவாக 14 நாட்களுக்குத் தரப்படும். வாய்க்கசப்பும் குமட்டலும் வரலாம். அதற்காகப் பாதியில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறக்கூடும். மறுமுறை அதே மருந்து பயன்படாது போகலாம். தொல்லை மிகுந்தால் எங்களிடம் கூறுங்கள். மருந்தை மாற்ற வழியுண்டு.

ஏகாதசி விரதம் இருப்போர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். ஏகாதசிக்கு மறுநாள் மருந்தைத் தொடங்கினால், அடுத்த ஏகாதசிக்குள் பெரும்பாலும் முடித்துவிடலாம்.

கிருமி நீங்கியதா?

ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரங்களேனும் கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு 2 வாரங்களுக்கு முன் அமில மாத்திரையை மருத்துவரின் அறிவுரைப்படி நிறுத்த வேண்டும். இல்லையேல், கிருமி இருந்தும் இல்லை என முடிவு வரக்கூடும்.

இதனால் அறுவை சிகிச்சை சில வாரங்கள் தள்ளிப்போகலாம். அதனை வீண் தாமதமாகக் கருத வேண்டாம்.

அறுவைக்கு முன்னரோ பின்னரோ தார் போன்ற கருநிற மலம், இரத்த வாந்தி, கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு வருக.