பெற்றோர் எதிர்பார்ப்பும் பிள்ளைகள் பொறுப்பும்

நுழையும் முன்

பெங்களூர் நீலசந்திரா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், ஓரிரு அறைகளுக்குள் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து வாழ்கின்றனர். இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்புவது, யாருடன் பழகுவது, ஊதியத்தில் எவ்வளவு வீட்டிற்குத் தருவது ஆகியவை அங்கு அன்றாட வினாக்கள். பெற்றோர் எதுவரை எதிர்பார்க்கலாம்? பிள்ளைகள் எதுவரை இணங்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஒரு குடும்பத்தின் வரலாறு விடை தேட உதவுகிறது.

பாடம்

1888ஆம் ஆண்டு மோகன்தாஸ் காந்தி சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பினார். அப்போது அவருக்கு வயது 18. தாய் புத்லிபாய் அஞ்சினார், ஆயினும் மறுக்கவில்லை. மது, மாமிசம், பிற பெண்களின் உறவு ஆகியவற்றை விலக்குவதாக மகன் உறுதியளித்த பின்னர் விடை கொடுத்தார். இலண்டனில் மரக்கறி உணவு கிடைக்காமல் காந்தி துன்புற்றார். எனினும் வாக்குத் தவறவில்லை. பின்னர் மரக்கறி உணவைப் பற்றிய நூல்களைப் படித்து, அதனைத் தம் சொந்தக் கொள்கையாகவே ஏற்றார். தாயின் விருப்பம் மகனின் நம்பிக்கையாயிற்று.

காந்தியடிகள் தந்தையானபோது நிலை மாறியது. மூத்த மகன் ஹரிலாலும் இங்கிலாந்தில் சட்டம் பயில விரும்பினார். தந்தை இசையவில்லை. தென்னாப்பிரிக்க அறப்போரில் பன்முறை சிறை சென்ற அந்த மகன், 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். அவர்களிடையே ஏற்பட்ட விரிசல் இறுதிவரை முழுமையாக நீங்கவில்லை.

இளைய மகன் தேவதாஸ், இராஜாஜியின் மகள் இலட்சுமியை மணக்க விரும்பினார். இருவரும் வெவ்வேறு சாதியினர், இலட்சுமியோ பதின்பருவத்தினர். தந்தையர் இருவரும் உடனே இசையவில்லை. கதவை அடைக்கவும் இல்லை. சில ஆண்டுகள் பிரிந்திருந்து, அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணக்கலாம் என்றனர். இளையோர் காத்திருந்தனர். தந்தையரும் சொன்ன சொல்லைக் காத்தனர். 1933இல் புனேயில் திருமணம் நடந்தது.

மூன்று நிகழ்வுகளிலும் பெற்றோரின் எதிர்பார்ப்பு கடுமையானதே. முதலிலும் மூன்றிலும் பிள்ளைகள் நிறைவேற்றக்கூடிய நிபந்தனை இருந்தது. இரண்டாவதில் மறுப்பு மட்டுமே இருந்தது.

இன்று 18 வயது நிறைந்தவர் தம் வாழ்வு பற்றிய முடிவுகளைத் தாமே எடுக்கலாம். ஆயினும், பெற்றோர் தாமே ஈட்டிய வீட்டில் வசிப்பதை வளர்ந்த மகன் உரிமையாகக் கோர இயலாது என 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதிய பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் எல்லைகளை வகுக்கிறது. அந்த எல்லைகளுக்குள் ஒருவரையொருவர் நம்பி வாழ்வது குடும்பத்தாரின் பொறுப்பாகும்.

சொற்பொருள்

இசைதல் – உடன்படுதல்
விரிசல் – பிளவு
ஈட்டுதல் – சம்பாதித்தல்
பேணுதல் – பாதுகாத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புத்லிபாய் மகனிடம் பெற்ற உறுதிமொழிகள் யாவை?
2. தேவதாசுக்கும் இலட்சுமிக்கும் தந்தையர் விதித்த நிபந்தனை யாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. காத்திருந்தனர்
2. உறுதியளித்த

இ. சிந்தித்து எழுதுக.
1. ஹரிலாலுக்குத் தந்தை வேறு எவ்வகையில் விடையளித்திருக்கலாம்?
2. நீலசந்திராவில் வாழும் 20 வயது மகள் இரவுப் பணியை ஏற்க விரும்புகிறாள், தாய் தயங்குகிறார். இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வரும் வகையில் உரையாடல் ஒன்று எழுதுக.