பூவை மட்டும் அனுப்பாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

தரங்கம்பாடிக் கடற்கரையில் எடுத்ததாக நீங்கள் அனுப்பிய நான்கு படங்களும் கிடைத்தன. படங்கள் அழகு. ஊதாப்பூவின் தொண்டைக்குள் எறும்பு இறங்குகிற படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் "இவை என்ன பூக்கள்?" என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். நான்கிலும் பூ மட்டுமே இருக்கிறது, பேருக்கு ஓர் இலைகூட இல்லை. கைப்பேசிச் செயலி ஒவ்வொரு பூவுக்கும் மூன்று பெயர் சொல்லிக் குழப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோபித்துப் பயனில்லை. நீங்கள் காட்டியதைத்தானே அது பார்க்க முடியும்?

முதல் படம் அந்த எறும்புப் பூ. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவம், உள்ளே போகப் போக நிறம் அடர்கிறது. அடம்பு என்று நீங்கள் நினைப்பது சரியாக இருக்கலாம். நெய்வேலிக் காட்டாமணக்காகவும் இருக்கலாம். இரண்டும் ஐபோமியா என்ற ஒரே பேரினம். பூவை மட்டும் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தால் நானும் கொஞ்சம் தடுமாறுவேன். செடியோடு பார்த்தாலோ சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அடம்பு மணலோடு மணலாகப் படர்கிற கொடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். காட்டாமணக்கு நிமிர்ந்து ஆளுயரம் வளரும் புதர். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் குளக்கரை, வாய்க்கால்கரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. (ஆமணக்குக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ!) காட்டாமணக்கின் இலை நீண்ட இதய வடிவம். அடம்பின் இலை அப்படியல்ல, நுனியில் பிளந்து இரட்டைக் குளம்பு போல இருக்கும்.

அந்தப் பிளவை வைத்துத்தான் அடம்பை எல்லோரும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். குறுந்தொகைப் புலவர் ஒருவர் அடும்பின் (அடம்புதான்) இலையை மானின் அடிக்கு ஒப்பிடுகிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் பூவுக்கு வருகிறார். பூ அவருக்குக் குதிரையின் கழுத்து மணி போலத் தெரிகிறது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதே கொடிக்கு லத்தீனில் பெயர் வைத்தபோது 'பெஸ்-காப்ரே' என்றார். ஆட்டின் கால் என்று பொருள். நம் கிராமத்தில் ஆட்டுக்கால் கொடி என்பவர்கள் லின்னேயஸைப் படித்தவர்கள் அல்லர். மானோ ஆடோ, மூன்று தரப்பும் முதலில் குனிந்து பார்த்தது இலையைத்தான்.

இரண்டாவது படம் எனக்கு எளிது. அவரைக் குடும்பத்துப் பூ. நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஒரு கடற்கரைக் கொடி, கானவேலியா ரோசியா என்பார்கள். இதுவும் மணல்மேட்டில் அடம்போடு பின்னிக்கொண்டு படரும், பூவும் அதே இளஞ்சிவப்பு ஊதா. பத்தடி தள்ளி நின்றால் எது எதுவென்று பிரிக்க முடியாது. கிட்டே போய்ப் பாருங்கள். அவரைக் குடும்பத்தில் பெரும்பாலும் அகன்ற இதழ் மேலே கொடி பிடித்த மாதிரி நிற்கும். இந்தப் பூ தலைகீழாகத் திரும்பியிருக்கும், அகன்ற இதழ் கீழே கிடக்கும். உங்கள் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது, அதனால்தான் துணிந்து சொன்னேன். இலை மும்மூன்றாக இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் நுனியிலும் லேசான பள்ளம் இருப்பதுண்டு, அதைக் கண்டு அடம்பு என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் இலைக்காம்பைக் கிள்ளுங்கள். அடம்பில் பால் வரும், இதில் வராது.

கிள்ளுவது மணல்வெளியோடு நிற்கட்டும். பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுப் பக்கம் போனால் இந்தச் சோதனையை மறந்துவிடுங்கள். அங்கே தில்லை மரம் நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மூன்றாவது, மணலில் உதிர்ந்து கிடக்கும் செம்மஞ்சள் பூ. "பூவரசு" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நானும் இதில் ஏமாந்தவன். ஓர் உப்பங்கழியோரம் நின்ற மரத்தைப் பல வருடம் பூவரசு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு, இதய வடிவ இலை, வேறென்ன வேண்டும்? ஒருநாள் அக்கா மகளுக்குப் பீப்பீ செய்து தருகிறேன் என்று அதில் ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி ஊதினேன். காற்றுதான் வந்தது. "மாமாவுக்கு ஊதத் தெரியல" என்று அவள் சிரித்தாள். இலையைத் திருப்பினேன். அடிப்புறம் வெளிறி, பூனை மயிர் படர்ந்து மெத்தென்று இருந்தது. பூவரசம் இலை இரண்டு பக்கமும் வழுவழுப்பானது. நான் பறித்தது நீர்ப்பருத்தி இலை. ஆற்றுப்பூவரசு என்றும் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் பிரிக்க இலையின் முதுகுக்கு அடுத்தபடி உதவுவது பூவைத் தாங்கும் புல்லிவட்டம். பூவரசில் அது விளிம்பு மழித்த கிண்ணம் போல இருக்கும். நீர்ப்பருத்தியில் ஐந்து கூர்களாகப் பிரிந்திருக்கும். காய் கிடைத்தால் இன்னும் நல்லது. நீர்ப்பருத்திக் காய் முற்றினால் ஐந்தாக வெடிக்கும், பூவரசங்காய் வெடிக்காமல் மரத்திலேயே காய்ந்து தொங்கும். பூவரசம் பிஞ்சைக் கீறினால் மஞ்சள் பால் வரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பூவும் காலையில் மஞ்சளாக மலர்ந்து பொழுது சாயச் சாயச் சிவக்கிறவை. நீர்ப்பருத்தி செம்மஞ்சளாகி உதிர்ந்துவிடும், பூவரசு ஊதா கலந்து வதங்கிக் கொஞ்ச காலம் கிளையிலேயே இருக்கும். உங்கள் பூ செம்மஞ்சளாகத் தரையில் கிடப்பதால் என் சாய்வு நீர்ப்பருத்திப் பக்கம். ஆனால் உதிர்ந்த பூவில் புல்லிவட்டம் இல்லை, அது மரத்திலேயே தங்கிவிட்டது. தீர்ப்பும் அங்கேயேதான் இருக்கிறது.

நான்காவது வெள்ளைப் பூ, தொண்டை மஞ்சள். அடம்பின் பேரினத்திலேயே வெள்ளையாகப் பூக்கும் சிறு கொடி ஒன்று மணற்கரைகளில் உண்டு, ஐபோமியா இம்பெராட்டி. அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் கொடி சற்றுக் குறும்புக்காரன். ஒரே கொடியில் ஓர் இலை நீள்வட்டமாக இருக்கும், அடுத்தது மடல் மடலாகப் பிரிந்திருக்கும். ஆகவே இதற்கு மட்டும் ஓர் இலை போதாது, நாலைந்து வேண்டும்.

மறுபடி போகும்போது காலை ஒன்பது மணிக்குள் போங்கள். மதியம் தாண்டினால் அடம்பின் பூ சுருண்டுவிடும். பூவை ஒரு படம் எடுத்தால் போதும். இலையின் முன்பக்கம், பின்பக்கம், காய், செடி நிற்கும் தோற்றம் இவற்றை விட்டுவிடாதீர்கள். அடம்பின் காய்க்குள் மயிர் போர்த்த நான்கு விதைகள் இருக்கும், கிடைத்தால் அதையும் எடுங்கள். அந்த மஞ்சள் பூ மரத்தடியில் நின்று அண்ணாந்து இலையின் அடிப்புறத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அது வரும்வரை உங்கள் குறிப்பேட்டில் 'பூவரசு' என்று எழுதியதைப் பென்சிலிலேயே வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்