வயிற்று நோயாளியிடம் பேசும் விதம்



தம்பி, சொந்தமாகக் கிளினிக் திறக்கும் உன்னை அநேகமாகத் தினமும் தேடி வரப்போகிற ஒரு வகை நோயாளரைப் பற்றியே இக்கடிதம்.

ஸ்கேன், எண்டாஸ்கோப்பி என்று பல ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டுகளைப் பையில் சுமந்துகொண்டு, எல்லாம் ‘நார்மல்’ என்றிருந்தும் வயிற்று வலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வாட்டுவதாக முறையிடும் அவரிடம், “ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பஸ் ஏறும் நாளில் காலை ஆகாரத்தையே துறந்து, இறங்கும் இடத்தில் கழிப்பறை உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துப் பிரயாணம் செய்கிற மனிதருக்கு அது பதிலாகாது.

கருவிகள் குடலின் உருவத்தைக் காட்டுமேயன்றி உணர்ச்சியைக் காட்டா. பெருங்குடலுக்குள் பலூனை வைத்து ஊதிப் பார்த்து ரிச்சி என்னும் மருத்துவர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆரோக்கியமுள்ளவர்களில் மிகச் சிலரே வலியென்று சொன்ன அளவிலேயே, ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome) என்னும் இந்தக் குடல் கோளாறுள்ள நோயாளர் பலர் வலியால் வருந்தினர். குடலுக்கும் மூளைக்குமுள்ள நரம்புத் தொடர்பு பிசகியதன் விளைவு அது. சிலருக்குக் கடுமையான பேதி ஒன்று வந்து தீர்ந்த பிறகே இக்கோளாறு தொடங்குவதுமுண்டு.

இத்தகைய குடல் கோளாறுகளை இனங்காண்பதற்கான 2016-இன் ரோம் விதிகளின்படி, 6 மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்து, கடந்த 3 மாதங்களில் வாரம் ஒரு நாளாவது வலித்து, மலம் கழிப்பதோடு தொடர்பு, கழிக்கும் தடவையில் மாறுதல், மலத்தின் தன்மையில் மாறுதல் ஆகியவற்றுள் இரண்டேனும் இருந்தால் ஐ.பி.எஸ். எனலாம். ஆயினும் மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, சோகை, 50 வயதுக்குமேல் புதிதாய்த் தோன்றுதல், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மேற்கொண்டு சோதிக்காமல் அப்பெயரைச் சூட்டாதே.

சிகிச்சையில், இசப்கோல் பலருக்கு உதவும். கோதுமைத் தவிடோ சிலருக்கு உப்புசத்தைப் பெருக்கும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் முதலியவற்றைச் சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ஒவ்வாததை மட்டும் விலக்கச் சொல். குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், அது குடல் நரம்பின் வலியைத் தணிப்பதற்கென்று நீயே விளக்கிவிடு. இல்லையேல், மனநோய் மாத்திரையென்று மருந்துக் கடையில் கேள்விப்பட்டு, மாத்திரையோடு உன்னையும் கைவிட்டுவிடுவார்.

ஆகவே தம்பி, வியாதியின் பெயரைச் சொல். வலி மெய்யென்று ஒப்புக்கொள். அது புற்றுநோயாக மாறாது, ஆயுளைக் குறைக்காது, ஆனால் வந்து வந்து போகும் என்பதை ஒளிக்காமல் கூறு. அதன் பிறகு மருந்துச் சீட்டை எடு.