கட்டு உடையுமுன் காப்போம்

காலபோகத்துக்கு முன் குளக்கட்டைப் பார்ப்பதும் வாய்க்கால் துப்புரவு செய்வதும் எமக்குப் பழகிய வேலை. இன்று பல சங்கங்களின் அங்கத்தவர் பதிவும் கடன் கணக்கும் காணி உறுதிகளின் பிரதிகளும் கணனிக்குள் இருக்கின்றன. அங்கும் இதே நியதிதான்.

ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் அழியக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறு பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 2004 ஆழிப்பேரலையிலும் 2009 வரையான இடப்பெயர்வுகளிலும் உறுதிகளை இழந்து, சொந்தக் காணியைத் தமதென்று நிறுவ அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

சங்கம் செய்யவேண்டியவை:

1. கிழமைதோறும் இரு பிரதிகள் எடுத்தல். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். எடுத்தபின் கணனியிலிருந்து கழற்றிவிடுக. வைரஸ் அதைத் தொடாது.

2. மாதமொருமுறை பிரதியைத் திறந்து பார்த்தல். திறந்து பாராத பிரதி, முளைப்புப் பாராத விதைநெல் போன்றது.

3. இடிமழைக்கு முன் மின் இணைப்பையும் வலையமைப்புக் கம்பியையும் கழற்றுதல்.

4. மென்பொருளைப் புதுப்பித்தல். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றன.

5. பற்றரிக்கும் புதுக் கணனிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குதல்.

விளக்கோடு எண்ணெயும் கொண்டுசென்ற ஐந்து கன்னியரை நற்செய்தி விவேகிகள் என்கிறது.

கலந்துரையாட:
இன்றிரவு எமது சங்கக் கணனி பழுதானால் நாளை எவருடைய கணக்கை எம்மால் காட்ட முடியும்? பிரதி எடுக்கும் பொறுப்பு யாருடையது?