பைக்கில் டேஷ் கேமரா: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இரட்டை அடி. எந்த வண்டி என்றே தெரியாத விபத்தில் உயிர் போனால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். வண்டி எண் தெரிந்தால் வயது, வருமானம், நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு நஷ்டஈடு கேட்கலாம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் பைக்கில் கேமரா வேண்டும் என்கிறேன். ஆனால் கடையில் பெட்டியைப் பார்த்து வாங்கி, கிடைத்த ஒயரில் கொடுத்து மாட்டிக்கொண்டால், தேவைப்படும் நாளில் அதில் ஒன்றும் இருக்காது. அப்படி ஆக்குகிற சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“4கே வாங்கினால் நம்பர் பிளேட் பளிச்சென்று விழும்”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் எச்டி படத்தில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகள். பைக் கேமராவின் லென்ஸ் சுமார் 130 டிகிரி அகலத்தைப் பிடிக்கிறது என்றால், ஒரு டிகிரிக்கு 15 புள்ளிகள்கூட முழுசாக வராது. காரின் நீளமான நம்பர் பிளேட் 50 செ.மீ. பத்து மீட்டர் தூரத்தில் அது மூன்று டிகிரிக்கும் குறைவான இடத்தைத்தான் பிடிக்கும். அதாவது மொத்தம் 40 புள்ளி சொச்சம். அதற்குள் பத்து எழுத்தும் எண்ணும் அடங்க வேண்டும். ஒன்றுக்கு நாலு புள்ளி வைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்க முடியாது. ஐந்து மீட்டருக்குள் வந்தால் எட்டு புள்ளி, தட்டுத்தடுமாறிப் படிக்கலாம். 4கே-யில் இது இரண்டு மடங்கு. எனவே பகலில் 4கே உதவும், அது உண்மை.

இரவில் கதை வேறு. வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் முப்பதில் ஒரு விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகிற வண்டி அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இழுபட்டுப்போன எழுத்தை எத்தனை கே-யாலும் மீட்க முடியாது. இரவு ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் ரெசல்யூஷனைவிட பெரிய சென்சார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதே காசுக்கு முன்னால் மட்டும் பார்க்கும் 4கே கேமராவும், முன்னும் பின்னும் பார்க்கும் எச்டி செட்டும் கிடைத்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்து இடிப்பவனை முன் கேமரா பார்க்காது. கேமராவில் மைக் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: இடித்துவிட்டு ஓடும் வண்டியின் எண் கண்ணில் பட்டதும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள். படத்தில் விழாதது ஒலியில் பதிவாகிவிடும்.

“கேமரா மாட்டினால் பேட்டரி இறங்கிவிடும்”

ஓடும்போது இறங்காது. இரட்டைக் கேமரா செட் ஒன்று ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றே 10 வாட். நிறுத்தி வைக்கும்போதுதான் ஆபத்து. 5 வாட் என்பது 12 வோல்ட்டில் மணிக்கு 0.4 ஆம்பியர்-அவர். நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளின் பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-அவர்தான். ராத்திரி முழுக்கக் கேமரா ஓடினால் காலையில் செல்ஃப் எடுக்காது. கார்க்காரர்கள் புகழும் ‘பார்க்கிங் மோடு’ சிறிய பைக்குகளுக்கு ஆகாது.

அநேகமாக எல்லா செட்டிலும் மூன்று ஒயர் வரும். மஞ்சள் நேரே பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயருக்கு, கறுப்பு எர்த்துக்கு. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியில் கொடுத்து டேப் சுற்றிவிட்டால் கேமரா அணையவே அணையாது. பேட்டரி படுப்பது அதனால்தான். டெஸ்ட் லாம்ப் வைத்து, சாவியை அணைத்ததும் அணைகிற ஒயரைத் தேடும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். வண்டியின் ஒயரை வெட்டாமல் கனெக்டரில் எடுத்தால், வாரண்டி பற்றி சர்வீஸ் சென்டரில் வாக்குவாதம் வராது.

“எங்கே மாட்டினாலும் ஒன்றுதான்”

முன் மட்கார்டில் மாட்டினால் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும்; ஷாக் அப்சார்பர் தாங்குவதற்கு முந்திய குலுக்கல் முழுவதும் படத்தில் இறங்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே, அசையாத பிராக்கெட்டில் வைப்பது மேல். பின் கேமரா நம்பர் பிளேட்டுக்கு மேலே, டயர் சேறு படாத உயரத்தில். அதைவிட முக்கியம் கேபிள். டேங்குக்கு அடியிலிருந்து ஹெட்லைட் பக்கம் போகிற இடத்தில், ஹேண்டிலை இடம் வலம் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டாலோ ஃபிரேமுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே நசுங்கினாலோ சில மாதங்களில் உள்ளே கம்பி அறுந்துவிடும். கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டவேண்டும். சைலன்சர் பக்கமோ எஞ்சின் ஹெட்டை உரசியோ போகக்கூடாது.

“போனே போதும், கார் கேமராவே போதும்”

கார் கேமரா கண்ணாடிக்கு உள்ளே இருக்கவேண்டிய பொருள். ஒரு மழைக்குத் தாங்காது. பைக் எஞ்சினின் பலத்த அதிர்வு ஐபோன் கேமராவின் ஸ்டெபிலைசரைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. ஹெல்மெட்டில் கேமரா ஒட்டுவதும் வேண்டாம். விழும்போது தலைக்கவசம் வழுக்கிப் போகவேண்டும், எதிலும் மாட்டி நிற்கக்கூடாது.

பைக் கேமராவில் ஐபி67 என்று போட்டிருப்பதை நம்பி வாட்டர் வாஷ் குழாயை நேரே கேமராவில் அடிக்கிறார்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினால் தாங்கும் என்பதற்கான சான்று. அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீருக்கு அல்ல.

“மெமரி கார்டு ஏதாவது ஒன்று போடலாம்”

டேஷ் கேமரா கார்டில் எழுதுவதும் அழிப்பதும் நிற்பதே இல்லை. சாதாரண கார்டு ஒருநாள் சத்தமில்லாமல் செத்துப்போகும், கேமராவின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ‘ஹை எண்டூரன்ஸ்’ கார்டுதான் வேண்டும். இரண்டு கேமராவும் சேர்ந்து நொடிக்கு 20 மெகாபிட் எழுதினால் 128 ஜிபி-யில் சுமார் 14 மணி நேரம் அடங்கும்.

நம் சாலைகளில் இன்னொரு சிக்கல் ஜி-சென்சார். அதிர்ச்சி வந்தால் அந்தக் காட்சியை அழியாமல் பூட்டிவைப்பது அதன் வேலை. பைக்கில் அதற்கு ஒவ்வொரு பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் விபத்துதான். பூட்டிய காட்சிகளே கார்டை நிரப்பி, புதிதாகப் பதிய இடம் இல்லாமல் போகும். உணர்திறனை ‘லோ’வில் வையுங்கள். மாதம் ஒருமுறை கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். தேதியும் நேரமும் சரியா என்பதையும் அப்போதே பாருங்கள்.

“வீடியோ இருக்கிறது, கேஸ் நம் பக்கம்”

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஹேஷ் என்பது அந்தக் கோப்புக்கே உரிய அடையாள எண். ஒரு விநாடி வெட்டினாலும் அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி வேறு கோப்பாகிவிடும். ஜிபிஎஸ் உள்ள செட்டில் உங்கள் வேகமும் படத்திலேயே பதிவாகும், அது உங்களுக்கு எதிராகவும் பேசும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

விபத்து நடந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள். பிறகு சாவியை அணைத்து, கேமரா முழுசாக நின்றதும் கார்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். வீட்டில் கோப்பை அப்படியே நகல் எடுத்துவிட்டு, மூலக் கார்டில் மறுபடி எதையும் எழுதாமல் தனியே வையுங்கள். போலீஸ் கார்டைக் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் கைப்பற்றியதற்கான மகஜரில் கார்டின் விவரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள்.