பரங்கிப்பேட்டை உலையும் பாகூர்க் கரியும்

பாகூர்

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரை வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் சரி, கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. “காலடியில் நெய்வேலியும் பாகூரும் இருந்தும் எரிபொருள் இல்லாமல் செத்தது பரங்கிப்பேட்டை இரும்பாலை. அன்றைக்கே கரியைத் தோண்டியிருந்தால் அது இன்னொரு ஜாம்ஷெட்பூர் ஆகியிருக்குமே ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீயுமா? ஆகியிருக்காது.

ஹீத்தைப் பற்றி நீயே எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்த மனிதர். நம் கொல்லர்கள் சின்ன மண் உலையில் இரும்பு உருக்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலையை விட்டுவிட்டு 1830இல் வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டையில், ஆலை வைத்தார். உருக்கியது கடற்கரையில், தாதுவோ சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்தில். பரிசலில் ஏறிக் காவிரி, கொள்ளிடம் என்று மிதந்து வந்தது தாது. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் அதுவும் நடக்கும். கப்பலுக்குப் பக்கம், மலைக்குத் தூரம்: இடத்தைத் தேர்ந்ததிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது.

மீதிக் கதை விறகு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் கோபம். நிர்வாகம் சரியில்லை, கடன் மிகுந்துவிட்டது, சீமை இரும்பு மலிவு என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் உலைக்குப் போனது மரக்கரி. மண் மூட்டம் போட்டு ஒரு டன் மரக்கரி எடுக்க நாலைந்து டன் விறகு வேண்டும். ஒரு டன் இரும்புக்கு ஒரு டன் கரி போதாது. முதல் வருஷம் ஆலையின் கொல்லைப்புறத்துக் காட்டை வெட்டுவார்கள். அடுத்த வருஷம் அதற்கு அப்பால். வெட்டிய மரம் தழைத்து வர வருஷக் கணக்காகும்; உலை அதுவரை காத்திருக்காது. வண்டி ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தூரம் போய்த் திரும்புகிறது. மாடு தின்னும் தீனியும் வண்டிக்காரன் கூலியும் இரும்பின் விலையில் ஏறுகின்றன. இரும்பு என்னவோ நல்ல இரும்புதான்: 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு, அந்த மெனாய் நீரிணைப் பாலத்துக்கு, பரங்கிப்பேட்டை இரும்பும் போனது. இருந்தும் ஆலை கைமாறி, 1853இல் வேறு பெயரில் மறுபடி தொடங்கி, 1860களில் உலைகள் அணைந்தன.

இப்போது உன் கேள்வி. ஊதுலைக்குள் கரிக்கு இரண்டு வேலை. எரிவது ஒன்று. தன் தலைமேல் ஏறும் தாதுவின் பாரத்தைத் தாங்கி, காற்று மேலேறச் சந்து விட்டு நிற்பது மற்றொன்று. ஜாம்ஷெட்பூருக்கு வாய்த்த ஜரியாக் கரியைச் சுட்டால் கல் போன்ற கோக் கிடைக்கும், அது நிற்கும். நம் பழுப்பு நிலக்கரியோ தோண்டி எடுக்கும்போது பாதிக்குப் பாதி தண்ணீர். வெயிலில் காயவைத்தால் வெடித்துப் பொடியாகும். பொடியை உலையில் கொட்டினால் உமி அடைத்த புகைபோக்கி மாதிரி மூச்சு முட்டிப் போகும். எவ்வளவு சுட்டாலும் கோக் ஆகாது. உன் தாத்தா வீட்டில் கேட்டுப் பார். ‘லெக்கோ’ கரி மூட்டையாக வாங்கியிருப்பார்கள். நெய்வேலிப் பொடியை அழுத்திக் கட்டியாக்கிச் சுட்டு விற்றதுதான் அது. குமுட்டி அடுப்பில் புகையில்லாமல் கனன்றது, காபி போட்டோம். இரும்பு உருக்கும் உயரமான உலையின் பாரத்தை அது எங்கே தாங்கும்?

தோண்டுவதும் லேசில்லை. 1880களில் இங்கே பாகூர்ப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் துளை போட்டது கரிக்காக அல்ல, பொங்கு ஊற்றுத் தண்ணீருக்காக. துளையில் பழுப்பு நிலக்கரி ஏறி வந்தது. கரியும் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீரும் ஒன்றாகக் கிடக்கும் பூமி இது. நெய்வேலியிலும் 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோதுதான் கருப்பாக ஏதோ வந்தது. கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மண், கீழே மேல்நோக்கி முட்டும் தண்ணீர். அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். 1956இல் நிறுவனம் தொடங்கி, ராட்சத ஜெர்மன் வெட்டு எந்திரங்களைக் கொண்டுவந்து, 1961இல்தான் கரியைத் தொட்டார்கள். 1830இல் கடப்பாரையும் கூடையும் வைத்துக்கொண்டு ஹீத் என்ன செய்திருப்பார்?

இந்தக் கனவு உன்னோடு பிறந்ததுமல்ல. சேலத்துத் தாது, நெய்வேலிக் கரி, தமிழனுக்கு உருக்காலை என்று ஒரு தலைமுறையே பேசியது. 1967 ஜூலையில் அந்த ஆலையைக் கேட்டு ‘எழுச்சி நாள்’ கூட நடத்தினார்கள். 1970இல் அடிக்கல் நாட்டி, 1981 வாக்கில் ஓடத் தொடங்கிய சேலம் ஆலையில் நடந்தது, வெளியிலிருந்து வந்த எஃகை உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்கும் வேலை. கஞ்சமலை அடிவாரத்திலேயே ஆலை. கஞ்சமலைத் தாது அதற்குள் போகவில்லை. கேட்க நமக்கு வலிக்கிறது. ஆனால் வேதியியல் மனுப் போட்டால் மாறுவதில்லை.

ஹீத் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே தோற்ற அந்த ஆள் ஷெஃபீல்டில் ஜெயித்தார். உருக்கில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் அது அடித்தால் நன்றாக ஒட்டும் என்று 1839இல் காப்புரிமை எடுத்தார். அவரோடு தொழில் செய்த அன்வின் என்பவரே வேறு வழி பிடித்தார்: மாங்கனீசுக் கலவையை வெளியே செய்து போடாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் மூசைக்குள் போட்டு அங்கேயே சேரவிட்டார். இது என் முறைதானே என்று ஹீத் வழக்குப் போட்டார். வழக்கு வருஷக் கணக்காக இழுத்தது. 1851இல் அவர் இறந்து, நாலு வருஷம் கழித்து பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஷெஃபீல்டே அந்த முறையில் கொழுத்தது. பாடப்புத்தகங்களில், மலிவாக எஃகு செய்யும் முறை கண்ட பெசமருக்குப் பக்கம் பக்கமாக இடம். இவருக்கு ஓர் அடிக்குறிப்பு. போகட்டும்.

பாகூருக்கு அடியில் இன்னும் 41 கோடி டன்னுக்கு மேல் பழுப்பு நிலக்கரி கிடப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணக்குக் காட்டுகிறது. அதை எடுக்க வேண்டுமானால் ஏரியையும் நெல் வயலையும் புரட்ட வேண்டும். அந்தப் பேச்சு வேறு. இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜாம்ஷெட்பூர்ப் பத்தியை அடித்துவிடு. அந்த இடத்தில், கஞ்சமலையில் பொறுக்கிய ஒரு கூடைத் தாது வெள்ளாற்று முகத்துக்கு வந்து சேர எத்தனை கை மாறியிருக்கும் என்று வரைபடம் போட்டு எழுது. பழைய சேலம் மாவட்டக் கையேட்டைப் புரட்டு. பொங்கலுக்குள் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஐயா