வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுப்பது யார்?

கேள்வி: புகையிலைத் தேமல் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மட்டும் பிரித்து இலையில் தேய்த்தாலே நோய் வந்துவிடுமாமே! அப்படியானால் வைரஸ் பெருகுவதற்குப் புரதம் எதற்கு?

பதில்: கீரரும் ஷ்ராமும் 1956-இல் நிரூபித்த உண்மை அது. ஆனால் அதை வைத்துப் புரதம் தேவையில்லை என்று முடிவுகட்டுவது தவறு. செல்லுக்குள் நுழைந்த ஆர்.என்.ஏ. தன்னைத்தானே படியெடுத்துக்கொள்வதில்லை. செல்லின் ரைபோசோம்கள் முதலில் அதை வாசித்துப் புரதங்களைச் செய்கின்றன. அந்தப் புரதங்கள் உருவான பிறகே படியெடுப்பு தொடங்குகிறது. எல்லா வைரஸுக்கும் வெறும் ஆர்.என்.ஏ. போதும் என்பதும் சரியல்ல. குதிரைமசால் தேமல் வைரஸின் மூன்று பெரிய ஆர்.என்.ஏ.க்களையும் சேர்த்துத் தேய்த்தாலும் தொற்று ஏற்படாது. அதன் உறைப்புரதம் சிறிதளவாவது உடனிருக்க வேண்டும்.

'ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. செய்யும் நொதிகள் தாவரத்திடமே இருக்கின்றனவே, வைரஸ் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தந்தது ரொட்டி ஈஸ்ட். அதன் மரபணுத் தொகுதியில் அத்தகைய நொதி கிடையாது. ஆனாலும், புல்லினப் பயிர்களைத் தாக்கும் புரோம் மொசைக் வைரஸின் 1ஏ, 2ஏ என்ற இரு புரதங்களைக் கொடுத்ததும் அந்த வைரஸின் ஆர்.என்.ஏ. ஈஸ்டுக்குள் பெருகியது. பால் ஆல்க்விஸ்டின் ஆய்வகம் 1993-இல் இதை வெளியிட்டது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பெருக்கம் இல்லை. படியெடுக்கும் நொதி 2ஏதான் என்றாலும், அதற்கான இடத்தை அமைப்பது 1ஏ. அது எண்டோபிளாச வலையின் சவ்வில் ஒட்டி, 50 முதல் 70 நானோமீட்டர் அகலமுள்ள பைகளாகச் சவ்வை உட்குழிக்கிறது; ஆர்.என்.ஏ.வையும் 2ஏயையும் அங்கே சேர்க்கிறது. படியெடுக்கும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ., செல்லின் தற்காப்பு அமைப்புகளின் கண்ணில் படாமல் அந்தப் பைக்குள் மறைந்திருக்கிறது.

இதனால் தாவரத்துக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. அராபிடாப்சிஸ் செடியில் டாம்1, டாம்3 என்ற சவ்வுப் புரதங்கள் இரண்டையும் நீக்கினால், புகையிலைத் தேமல் வைரஸ் அநேகமாகப் பெருகுவதே இல்லை. ஆனால் இவை வைரஸின் படியெடுப்புப் புரதங்களோடு இணைந்து உதவுபவை மட்டுமே. எந்த ஆர்.என்.ஏ.வைத் தேர்வது, எங்கே வைத்துப் படியெடுப்பது என்பதெல்லாம் வைரஸ் புரதத்தின் கையில்தான். தக்காளியின் டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவே இதற்குச் சான்று: அது தரும் புரதம், தக்காளித் தேமல் வைரஸின் படியெடுப்புப் புரதத்தைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. நோய் தாங்கும் ரகங்களை உருவாக்குவோர் குறிவைக்க வேண்டிய இடம் எது என்பதை அந்த மரபணு தெளிவாகவே காட்டுகிறது.